சனிக்கிழமை சாயங்காலம் வந்தவர்கள்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் ஆற்றிய உரை. ஒலிப்பதிவைக் கேட்டு எழுதியது. பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)



எனக்கு முன்னால் ஐந்து பேர் பேசிவிட்டார்கள். டீ வேறு கொதித்துக்கொண்டிருக்கிற வாசனை வருகிறது. அதனால் சால்வைக்கு நன்றி சொல்லிவிட்டு நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

போன வாரம் தலைவியும் செயலாளரும் என் வீட்டுக்கு வந்தார்கள். இந்த வருஷ லாபத்தில் ஒரு பகுதியைப் பிள்ளைகளின் படிப்புக்கும், கஷ்டத்தில் இருக்கிற குடும்பங்களுக்கும் ஒதுக்கப் போகிறோம் என்று சொன்னார்கள். கேட்கவே சந்தோஷமாக இருந்தது. அப்புறம் செயலாளர் சொன்னார்: “டீச்சர், ஜூன் மாசம் ஒரு விழா வைக்கிறோம். பிள்ளைகளை மேடைக்குக் கூப்பிட்டு, பேர் சொல்லி, கையில கொடுக்கலாம்னு இருக்கோம். நீங்கதான் வந்து கொடுக்கணும்.” நான் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. காப்பி போட உள்ளே போய்விட்டேன். அந்தப் பதிலைத்தான் இன்றைக்கு உங்கள் எல்லோர் முன்னாலும் சொல்லப் போகிறேன். செயலாளர் தங்கச்சி கோபித்துக்கொள்ளக் கூடாது.

என் கதையிலிருந்து ஆரம்பிக்கிறேன். தூத்துக்குடிக்குப் பக்கத்தில் உப்பளத்து ஊர் எங்களுடையது. அப்பாவும் அம்மாவும் உப்பளத்துக் கூலிகள். உப்பளத்தைப் பற்றித் தெரிந்தவர்களுக்குத் தெரியும், அது வெயிலை நம்பின பிழைப்பு. வடகிழக்கு மழை இறங்கிவிட்டால் பாத்தியெல்லாம் தண்ணீர், அதோடு வேலையும் போய்விடும். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூன்று மாதமும் கடன் வாங்கித்தான் சாப்பாடு. தை பிறந்து வேலை தொடங்கினால் அந்தக் கடனுக்கு வட்டி கட்டுவோம். 1979-ஆம் வருஷம் மழைக்காலத்தில் அப்பா இறந்துபோனார். நான் பத்தாம் வகுப்பு. எனக்குக் கீழே இரண்டு தம்பிகள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் சித்தப்பா அம்மாவிடம் சொன்னார்: “மதினி, மூத்தவளைத் தையில இருந்து உப்பு சுமக்க அனுப்பிருங்க. பொம்பளப்பிள்ளை பத்து வரைக்கும் படிச்சதே பெருசு.” அவர் கெட்டவர் இல்லை. அவருக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். அம்மாவும் தலையாட்டினாள்.

அந்தச் சமயத்தில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் இரண்டு பேர் சைக்கிளில் வந்தார்கள். ஒருவர் தையற்காரர், இன்னொருவர் துறைமுகத்தில் வேலை பார்த்தவர். வின்சென்ட் தே பவுல் சபையிலிருந்து வருகிறோம் என்றார்கள். என் பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருவர் சொல்லி வந்திருக்கிறார்கள். நாங்கள் மாரியம்மன் கும்பிடுகிற குடும்பம். அம்மா பயந்துபோனாள். வாசலில் நின்றபடியே, “அண்ணாச்சி, நாங்க வேதத்துல சேரணுமா?” என்று கேட்டுவிட்டாள். தையற்கார அண்ணாச்சி சிரித்துவிட்டு, “அதெல்லாம் ஒண்ணுமில்ல தாயி. சும்மா பார்த்துட்டுப் போகலாம்னு வந்தோம்” என்றார். அரை மணி நேரம் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள். என்ன வேலை, எவ்வளவு கடன், தம்பி எந்த வகுப்பு, பாப்பா எங்கே உட்கார்ந்து படிக்கிறாள் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் வாங்கிக் குடித்தார்கள். போய்விட்டார்கள்.

கையில் ஒன்றும் கொடுக்கவில்லை! அம்மாவுக்கு வந்ததே கோபம். “அரை மணி நேரம் ஊர்க்கதை பேசிட்டு வெறுங்கையோட போறானுவ பாரு” என்றாள்.

அடுத்த சனிக்கிழமை வந்தார்கள். ஒரு துணிப்பையில் அரிசி, பருப்பு, கொஞ்சம் எண்ணெய். ஒரு மடித்த காகிதத்தில் எனக்கு அந்த மாதப் பஸ் காசு. பையின் அடியில், வைக்கோல் சுற்றி, ஒரு அரிக்கேன் விளக்குக் கண்ணாடி. எங்கள் விளக்குக் கண்ணாடி உடைந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. அம்மா அதில் காகிதம் ஒட்டி வைத்திருந்தாள். நாங்கள் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. முதல் வாரம் ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தபோது அவர்கள் கண் அதைப் பார்த்திருக்கிறது.

சகோதரிகளே, எத்தனையோ உதவித்தொகை விண்ணப்பங்களில் நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். வருமானம் கேட்பார்கள், மார்க் கேட்பார்கள், சாதி கேட்பார்கள். “உங்கள் வீட்டு விளக்குக் கண்ணாடி உடைந்திருக்கிறதா” என்று எந்த விண்ணப்பத்திலும் கேள்வி இருந்ததில்லை. திண்ணையில் வந்து உட்கார்ந்தவர்களுக்குத்தான் அது தெரிந்தது.

இந்தச் சபை எங்கே, எப்படி வந்தது என்பது எனக்கும் ரொம்ப நாள் தெரியாது. வேலைக்குப் போன பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். பிரான்ஸ் நாட்டில், பாரிஸ் நகரத்தில், 1833-ஆம் வருஷம் ஏப்ரல் 23-ஆம் தேதி தொடங்கியது. தொடங்கியவர்கள் ஏழே பேர். ஆறு பேர் கல்லூரி மாணவர்கள். ஏழாமவர் இம்மானுவேல் பெய்லி என்கிற பத்திரிகைக்காரர். அவர்தான் வயதில் மூத்தவர், முதல் தலைவர். முதல் கூட்டமே அவருடைய பத்திரிகை அலுவலகத்தில்தான். மாணவர்களில் முக்கியமானவர் பிரடெரிக் ஓசானாம். அன்றைக்குத்தான் அவருக்கு இருபது வயது நிறைந்தது. நம் பிள்ளைகள் அந்த வயதில் பிறந்தநாளுக்கு என்ன செய்கிறார்கள் என்று நான் கேட்கப் போவதில்லை.

அதற்கு முந்தின வருஷம் பாரிஸில் காலரா வந்து ஆயிரக்கணக்கான பேர் செத்துப்போயிருந்தார்கள். ஏழைகள் இருந்த தெருக்களில்தான் அடி அதிகம். இந்த மாணவர்கள் வாரா வாரம் கூடி வரலாறு, தத்துவம் என்று வாதாடிக்கொண்டிருந்தவர்கள். உங்கள் மதம் அந்தக் காலத்தில் நல்லது செய்தது சரி, இப்போது நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று எதிர்த்தரப்பில் ஒருவர் கேட்டுவிட்டார். பதில் இல்லை. ஓசானாமும் இன்னொரு மாணவரும் குளிருக்கு வைத்திருந்த விறகைத் தூக்கிக்கொண்டுபோய் ஒரு ஏழை வீட்டில் கொடுத்தார்கள் என்று சொல்வார்கள். அதன் பிறகுதான் சபை.

ஆனால் யாருக்குக் கொடுப்பது, எந்த வீடு என்று அந்தப் பையன்களுக்கு ஒன்றும் தெரியாது. அதைச் சொல்லிக்கொடுத்தது ஒரு பெண். ரோசலி ரெந்து என்கிற கன்னியாஸ்திரி. பாரிஸின் ஏழைத் தெருக்களில் வருஷக்கணக்காக வேலை செய்தவர். அவர்தான் வீட்டு விலாசம் கொடுத்து, ரொட்டிக்குச் சீட்டுக் கொடுத்து, எப்படிப் பேச வேண்டும், எப்படிக் கதவைத் தட்ட வேண்டும் என்று கற்றுக்கொடுத்து அனுப்பினார். இது ஆண்கள் தொடங்கிய சங்கம்தான், சகோதர சங்கம்தான். ஆனால் தெருவைத் தெரிந்து வைத்திருந்தது ஒரு பொம்பளை. இன்னும் ஒன்று சொல்கிறேன். வெகு காலம் அந்தச் சபையில் ஆண்கள் மட்டும்தான். இத்தாலியில், பொலோனியா நகரத்தில், 1856-இல் பெண்கள் தனியாக ஒரு சபை ஆரம்பித்தார்கள். இரண்டும் ஒன்றானது 1967-இல். நூறு வருஷத்துக்கும் மேலே ஆகியிருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்றைக்கு நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் இருக்கிறது. ஆனால் பெரிய கட்டடம், பெரிய அலுவலகம் என்று நினைத்துவிடாதீர்கள். ஊருக்கு ஊர் பத்துப் பன்னிரண்டு பேர் கொண்ட சின்னக் கிளை. நம்முடைய குழு மாதிரியே. 1989-இல் தர்மபுரியில் தொடங்கிய நம் குழு முறையைப் பற்றிப் பயிற்சியில் கேட்டிருப்பீர்களே, வாரக் கூட்டம், தீர்மான நோட்டு, கணக்கு, எல்லோரும் பேசி முடிவெடுப்பது. அதெல்லாம் அங்கேயும் உண்டு. ஒரே ஒரு வித்தியாசம், நாம் சேமிப்பது நமக்கு. அவர்கள் சேர்ப்பது அடுத்தவருக்கு.

அவர்கள் வேலை செய்கிற விதத்தைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நமக்குப் பிரயோஜனப்படுவது அதுதான்.

ஒரு வீட்டுக்கு எப்போதும் இரண்டு பேராகத்தான் போவார்கள். தனியாகப் போனால் பேச்சு வரும், சந்தேகம் வரும். ஒருத்தர் கண்ணுக்குப் படாதது இன்னொருத்தர் கண்ணுக்குப் படும். போன பிறகு வாரக் கூட்டத்தில் சொல்வார்கள். இந்த வீட்டுக்கு அரிசி போதும், அந்த வீட்டுக்கு அரிசி வேண்டாம், மகனுக்கு ஐ.டி.ஐ. விண்ணப்பம் வாங்கிக் கொடுத்தால் போதும் என்று பேசி முடிவு செய்வார்கள். கூட்டத்தில் பேசியது வெளியே போகக் கூடாது. படிப்புக்கு உதவுவதென்றால் பெரும்பாலும் பணத்தைப் பள்ளிக்கூடத்திலேயே நேரே கட்டிவிடுவார்கள். ரசீது மட்டும் வீட்டுக்கு வரும். எனக்கு அப்படித்தான் பிளஸ் டூ முடிகிற வரைக்கும் வந்தது. அப்புறம் ஆசிரியர் பயிற்சி இரண்டு வருஷம். வெளிநாட்டுக் கிளையும் நம் ஊர்க் கிளையும் ஜோடி சேர்ந்து உதவுகிற ஏற்பாடும் அந்தச் சபையில் உண்டு. எனக்கு வந்தது பரதேசத்துப் பணமா, தையற்கார அண்ணாச்சி பணமா, எனக்கு இன்றைக்கு வரைக்கும் தெரியாது.

பணம் எப்படிச் சேருகிறது? கூட்டம் முடிகிற நேரத்தில் ஒரு துணிப்பை சுற்றி வரும். ரகசியப் பை என்பார்கள். உள்ளே கையை விட்டு அவரவரால் முடிந்ததைப் போட வேண்டும். யார் எவ்வளவு போட்டார் என்று பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குக்கூடத் தெரியாது. நம் குழுவில் சேமிப்பைச் சத்தமாக வாசித்து எழுதுகிறோம், அது நியாயம், அது அவரவர் பணம், கணக்கு வேண்டும். தர்மப் பணத்துக்கு அந்தச் சத்தம் தேவையில்லை என்று அவர்கள் முடிவு செய்திருக்கிறார்கள்.

பெரிய தொகை ஒன்றும் சேராது. அதனால்தான் இதைச் சொல்கிறேன். நம் பக்கத்திலும் இது புதிது இல்லை. காமராஜர் படித்த விருதுநகர் பள்ளிக்கூடம் பிடி அரிசியில் நடந்த பள்ளிக்கூடம். உலை வைக்கும்போது வீட்டுப் பெண்கள் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைப்பார்கள். அதைச் சேர்த்து விற்றுத்தான் பிள்ளைகளுக்கு இலவசப் படிப்பு. யார் வீட்டுப் பிடி பெரிசு, யார் வீட்டுப் பிடி சின்னது என்று அந்தச் சாக்குக்குத் தெரியுமா?

இனிமேல் சொல்லப்போவது எனக்குக் கொஞ்சம் கஷ்டமான விஷயம்.

நான் பதினோராம் வகுப்பு படிக்கும்போது வேறு ஒரு சங்கம் பள்ளிக்கூடத்துக்கு வந்து ஏழை மாணவிகளுக்குச் சீருடை கொடுத்தது. பந்தல், மாலை, போட்டோக்காரர் எல்லாம் உண்டு. தலைவர் என் கையில் துணியைக் கொடுத்துவிட்டு, போட்டோ எடுக்கிற வரைக்கும் விடாமல் பிடித்துக்கொண்டே நின்றார். போட்டோ சரியாக விழவில்லை என்று திரும்பவும் ஒரு தடவை கொடுத்தார். நல்ல துணிதான், இரண்டு வருஷம் உழைத்தது. ஆனால் அந்தப் பாவாடையைக் கட்டிக்கொண்டு போன முதல் நாளே பக்கத்து பெஞ்சுக்காரி, “ஏட்டி, இதுதான் அந்தத் தர்மத் துணியா?” என்று கேட்டாள். அவளும் விகல்பமாகக் கேட்கவில்லை. எனக்கு அந்த இரண்டு வருஷமும் அது தர்மத் துணியாகவே இருந்தது.

இவ்வளவும் அனுபவித்த நான் என்ன செய்திருக்க வேண்டும்? தலைமையாசிரியையாக இருந்தபோது, இதையே இன்னொரு பிள்ளைக்குச் செய்தேன். ஒரு அமைப்பு நோட்டுப் புத்தகம் கொடுக்க முன்வந்தது. பட்டியல் கேட்டார்கள். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து, “கீழ்க்கண்ட ஏழை மாணவிகள் முன்னால் வரவும்” என்று பேர் பேராக வாசித்தேன். நேரம் மிச்சம் என்று நினைத்தேன். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, நன்றாகப் படிக்கிறவள், வரிசையில் வந்து நின்றாள். தலை நிமிரவே இல்லை. நோட்டை வாங்கிக்கொண்டு போனாள். அடுத்த வாரத்திலிருந்து வரவில்லை.

அம்மை போட்டிருக்கும், ஊருக்குப் போயிருப்பாள் என்று விட்டுவிட்டேன். வேலை அப்படி. மூன்று மாதம் கழித்து நானே தேடிப் போனேன். மீன் கம்பெனிக்கு இறால் உரிக்கப் போய்க்கொண்டிருந்தாள். அவள் அம்மா என்னை உட்காரச் சொன்னார், மரியாதையாகத்தான் பேசினார். “டீச்சரம்மா, அவ அப்பா ஓடிப்போனது ஊருக்குத் தெரியாம வச்சிருந்தோம். சவுதியில இருக்காருன்னு சொல்லியிருந்தா பிள்ளை. நீங்க பேரை வாசிச்சதும் எல்லாப் பிள்ளையளும் கேட்டிருக்குதுவ, ஒங்க அப்பா சவுதியில இருக்கும்போது நீ எப்படி ஏழைன்னு.” நோட்டுக் கட்டு அலமாரியில் பிரிக்காமல் இருந்தது. நான் எவ்வளவு கூப்பிட்டும் அவள் திரும்பிப் பள்ளிக்கூடம் வரவில்லை.

இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அந்தப் பிள்ளை பேரை நான் இங்கேயும் மைக்கில் சொல்லப் போவதில்லை.

அதனால்தான் செயலாளர் தங்கச்சி, ஜூன் மாத விழா வேண்டாம் என்று சொல்கிறேன். விழா வைக்க ஆசையாக இருந்தால் மார்க் வாங்கின பிள்ளைகளுக்குப் பரிசு கொடுங்கள், அதை மேடையில் கொடுங்கள், கைதட்டுங்கள், பணக்கார வீட்டுப் பிள்ளையானாலும் கொடுங்கள். கஷ்டத்துக்குக் கொடுப்பதை மட்டும் வீட்டில் கொண்டுபோய்க் கொடுங்கள்.

“டீச்சர், கணக்கு வேணுமே, தணிக்கைக்கு என்ன காட்டுறது” என்று பொருளாளர் முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. நியாயம்தான். ரசீது வையுங்கள், கையெழுத்து வாங்குங்கள், தீர்மானத்தில் எழுதுங்கள். நிதியை எந்தத் தலைப்பில் எடுக்கலாம் என்பதை மகளிர் திட்ட அலுவலரிடம் கேட்டே செய்யுங்கள். தணிக்கைக்குக் காகிதம் வேண்டும், போட்டோ வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. பேருக்குப் பதில் எண் போட்டு ஒரு பதிவேடு, பேர்ப் பட்டியல் தலைவி பெட்டியில். முடியாத காரியமா?

அடுத்தது, எப்போது கொடுப்பது. இது என் ஆசிரியை அனுபவம். இப்போது அரசாங்கம் நிறையவே செய்கிறது, குறை சொல்ல முடியாது. அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை படித்த பெண்பிள்ளை கல்லூரிக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய், புதுமைப்பெண் திட்டம், 2022 செப்டம்பரிலிருந்து. பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன், 2024 ஆகஸ்டிலிருந்து. முதல் பட்டதாரிக்குக் கல்விக் கட்டணச் சலுகை இருக்கிறது. வங்கியில் கல்விக் கடன் இருக்கிறது, நான்கு லட்சம் வரைக்கும் சொத்துப் பிணையோ வெளி ஆள் ஜாமீனோ கேட்கக் கூடாது. மேலாளர் சார் இங்கேயே இருக்கிறார், தலையாட்டுகிறார், பார்த்துக்கொள்ளுங்கள், நாளைக்கு வங்கியில் போய் ஞாபகப்படுத்தலாம்.

ஆனால் இதெல்லாம் எப்போது கைக்கு வரும்? பிள்ளை கல்லூரியில் சேர்ந்த பிறகு. சேருவதற்கு முன்னால் ஒரு பதினைந்து இருபது நாள் இருக்கிறதே, பிளஸ் டூ ரிசல்ட் வந்ததற்கும் கல்லூரி வாசலை மிதிப்பதற்கும் நடுவில், அங்கேதான் நம் பிள்ளைகள் விழுந்துபோகிறார்கள். விண்ணப்பக் கட்டணம். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் என்று இ-சேவை மையத்துக்கு நடை. கவுன்சலிங் போக அம்மாவுக்கும் மகளுக்கும் பஸ் செலவு, அன்றைக்குக் கூலியும் போச்சு. முதல் தவணை. விடுதிக்கு முன்பணம். மாற்றி உடுத்த இரண்டு சுடிதார், ஒரு செருப்பு. கூட்டிப் பாருங்கள், ஐயாயிரம், பத்தாயிரம். இந்தத் தொகைக்காகத்தான் சேர்க்கை கைவிட்டுப் போகிறது, அல்லது வாரக் கடன்காரன் வாசலுக்கு வருகிறான். லட்ச ரூபாய் இல்லாமல் படிப்பு நின்ற பிள்ளையைவிட மூவாயிரம் ரூபாய் அந்த வாரத்தில் கிடைக்காமல் நின்ற பிள்ளைகளைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

கூட்டமைப்பு அந்த இருபது நாளைப் பார்த்துக்கொண்டால் போதும். மே மாதமே பணம் தயாராக இருக்க வேண்டும். ஜூன் கடைசியில் கூட்டம் போட்டு, ஜூலையில் தீர்மானம் எழுதி, ஆகஸ்டில் கொடுத்தால் அது யாருக்கு?

தையற்கார அண்ணாச்சியைப் பற்றி ஒரு குறையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நான் புகழ்ந்துகொண்டே போகிற மாதிரி ஆகிவிடும். அவர்கள் ஆம்பிளைகள். நல்லவர்கள். ஆனால் அம்மாவால் சொல்ல முடியாத காரியங்கள் எத்தனையோ இருந்தன. நான் மாதத்தில் மூன்று நாள் பள்ளிக்கூடம் போகாமல் இருந்ததற்குக் காரணம் பஸ் காசு இல்லை, மாற்றுத் துணி இல்லை. எங்கள் வீட்டில் மறைப்புக் கட்டிய குளியலிடம் இல்லை, விடியுமுன் எழுந்து குளிக்க வேண்டும். இதையெல்லாம் அந்தத் திண்ணையில் எப்படிச் சொல்வாள்? விளக்குக் கண்ணாடி அவர்கள் கண்ணில் பட்டது. இது படவில்லை. நீங்கள் போனால் அடுப்படி வரைக்கும் போகலாம். கேட்காமலே பார்த்துவிடுவீர்கள்.

அப்படியானால் யார் வீட்டுக்குப் போவது? நம் உறுப்பினர் வீடுகளுக்கா? போங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் உறுப்பினராக இருக்கிறவளுக்கு ஒரு உள்கடனாவது கிடைக்கும், கேட்க வாயும் இருக்கும். நான் நினைப்பது வேறு வீடுகளை. நம் குழுக்களின் பழைய பதிவேட்டைப் புரட்டினால் சிவப்பு மையில் கோடு போட்ட பேர்கள் இருக்கும். தவணை கட்ட முடியாமல் நின்றுபோனவர்கள். நாம் நிறுத்தியவர்களும் உண்டு. புருஷன் குடித்தே அழித்ததால் கட்ட முடியாதவள், கர்ப்பப்பை ஆபரேஷன் ஆகி ஆறு மாதம் படுத்தவள், கட்டிட வேலைக்குக் கேரளா போய்த் திரும்பி வந்தவள். நம்மைப் பார்த்தால் தெருவில் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்கிறாள். நாமும் திரும்பிக்கொள்கிறோம். அவளுக்கும் பிள்ளை இருக்கிறது. அந்தப் பிள்ளை பிளஸ் டூ படித்துக்கொண்டிருக்கலாம்.

(கூட்டத்தில் சலசலப்பு.)

தெரியும், தெரியும். “அவ கட்டாததை நாங்கள்ல சேர்ந்து கட்டினோம்” என்று அந்தப் பக்கத்தில் ஒரு அக்கா சொல்வது காதில் விழுகிறது. உண்மைதான். உங்கள் கூலியிலிருந்து கட்டினீர்கள், அந்த வலி எனக்குப் புரியாமல் இல்லை. கடனைத் தள்ளுபடி செய்யச் சொல்லி நான் கேட்கவில்லை. அது உங்கள் குழுவும் வங்கியும் பேச வேண்டிய விவகாரம். நான் கேட்பது, வசூலுக்குப் போகாத ஒரு சாயங்காலம். இரண்டு பேர் போங்கள். கடன் நோட்டைக் கையில் எடுத்துப் போகாதீர்கள். அவளுக்குக் கடன் கொடுத்த குழுவிலிருந்து போகாமல் பக்கத்துக் குழுவிலிருந்து போனால் இன்னும் நல்லது, அவளுக்கும் வாய் திறக்கும், உங்களுக்கும் வாய் அடங்கும். திண்ணையில் உட்கார்ந்து, பிள்ளை எந்த வகுப்பு என்று மட்டும் கேளுங்கள். முதல் தடவை ஒன்றும் கொடுக்க வேண்டாம். திட்டுவாள். எங்கள் அம்மாவும் திட்டினாள்.

இன்னும் ஒரே ஒரு சங்கதி. 1984-இல் வேலை கிடைத்து முதல் சம்பளம் வாங்கியதும் அம்மா ஐம்பது ரூபாயை ஒரு கவரில் போட்டு, “அண்ணாச்சிகிட்ட கொடுத்துட்டு கால்ல விழுந்து கும்பிட்டுட்டு வா” என்று அனுப்பினாள். தையல் கடைக்குப் போனேன். அண்ணாச்சி மிஷினை நிறுத்தாமலே கேட்டார். பணத்தைக் கையில் வாங்கவில்லை. “சனிக்கிழமை கூட்டத்துக்கு வா பாப்பா. பை வரும். அதுல போடு. நான் பார்க்கக் கூடாது” என்றார். போனேன். ஆம்பிளைகள் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள், நான் ஓரமாக நின்றேன். பை என்னிடம் வந்தது. கவர் கசங்கும் சத்தம் கேட்குமே என்று ரூபாயைக் கவரிலிருந்து எடுத்து உள்ளங்கையில் மடித்து வைத்துக்கொண்டு, கையை விட்டுப் போட்டேன். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவர் அப்போதும் பார்க்கவில்லை.

இன்றைக்கு நானும் ஒரு பை தைத்துக்கொண்டு வந்திருக்கிறேன். பழைய பட்டுச் சேலையின் துண்டு, வாயைச் சுருக்குக் கயிறு போட்டு வைத்திருக்கிறேன். டீ கொடுக்கிற நேரத்தில் இது உங்களிடையே சுற்றி வரும். போட முடிந்தவர்கள் போடுங்கள். முடியாதவர்கள் கையை மட்டும் உள்ளே விட்டு எடுத்துவிட்டுப் பக்கத்தில் கொடுங்கள், ஒருவருக்கும் தெரியாது. எவ்வளவு சேர்ந்தது என்பதைப் பொருளாளர் கூட்டமைப்புக் கூட்டத்தில் சொன்னால் போதும், இங்கே மைக்கில் வேண்டாம். நான் எவ்வளவு போட்டேன் என்று கேட்கவும் கூடாது.

பையைக் கடைசி வரிசையிலிருந்து ஆரம்பியுங்கள் தங்கச்சி, மேடைக்கு அப்புறம் வரட்டும்.